இணைந்தோடும் இரு கப்பல்கள்

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து நின்று, கரையிலிருந்த எண்ணெய்த் தொட்டிகளைப் பீரங்கியால் சுட்டுக் கொளுத்திவிட்டு, வந்த சுவடு தெரியாமல் இருளில் மறைந்துபோன எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பலைப் பற்றி நம்மவர் சொல்லிவந்த கதைகள் அநேகம். ஆனால், அக்கப்பலின் தளபதியாகிய கார்ல் ஃபான் முல்லருக்கு நேர்ந்த அன்றாடக் கவலைகளுள் நிலக்கரிக் கவலை எவ்வளவு பெரியது என்பதை அக்கதைகள் சொல்வதில்லை. நட்புத் துறைமுகம் ஒன்றும் இல்லாத இந்து மகா சமுத்திரத்தில், கூடவே நிலக்கரிக் கப்பல் ஒன்றை அழைத்துக்கொண்டு திரிந்து, அலை அடங்கிய தீவோரம் ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு கப்பல்களையும் பக்கத்தோடு பக்கமாகக் கட்டி, மாலுமிகள் அனைவரும் கரிப்புழுதியில் மூழ்கி மூட்டை சுமந்தால்தான் அடுத்த சில நாட்களுக்கு அதன் கொதிகலன்கள் எரியும். யுத்தம் மூண்ட செய்தியே எட்டியிராத டியேகோ கார்சியா தீவில் அக்டோபர் மாதத்தில் அவ்வாறு கரி ஏற்றியது எம்டன். நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளில், தன் கரிக் கப்பலாகிய பூரெஸ்கை எதிர்நோக்கி நின்றிருந்தபோது தொலைவில் எழுந்த புகையைக் கண்டு அதுதான் வருகிறது என்று முதலில் நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னி. அன்றோடு எம்டனின் சரித்திரம் முடிந்தது.

நின்று சரக்கேற்றும் கப்பல் அந்நேரத்தில் கப்பலே அன்று; அது நகரமாட்டாத ஒரு கிடங்கு. ஆகையால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கப்பல் மற்றொரு கப்பலுக்கு எரிபொருள் தரமுடியுமா என்பது கடற்படைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கேள்வியாக இருந்தது. நிலக்கரி உள்ளவரையில் அதற்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. எண்ணெய் வந்த பிறகு, குழாய் வழியே தானாகவே பாயும் அதன் குணம் பாதி வேலையைச் சுலபமாக்கியது. 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கியபோது, அயர்லாந்துக்கு விரைந்து செல்லவேண்டிய அதன் சிறிய நாசகாரிக் கப்பல்கள் அட்லாண்டிக் மகா சமுத்திரத்தை ஒரே மூச்சில் கடக்கத்தக்க எண்ணெய் கொள்வன அல்ல. வழியில் மாமீ என்னும் எண்ணெய்க் கப்பல் நிறுத்தப்பட்டது. அதில் இரண்டாம் அதிகாரியாகவும் யந்திரப் பொறுப்பாளராகவும் இருந்த செஸ்டர் நிமிட்ஸ் என்னும் இளம் அதிகாரி, தம் தோழர்களோடு சேர்ந்து, நாசகாரிக் கப்பலை எண்ணெய்க் கப்பலின் பக்கவாட்டில் கயிறுகளால் பிணைத்து, இரண்டையும் மெதுவாக ஓட்டிக்கொண்டே குழாயைக் கொடுக்கும் முறையை வகுத்தார். மே 28ஆம் தேதி முதல் தொகுதிக் கப்பல்கள் எண்ணெய் பெற்றன. ஜூலைத் தொடக்கத்துக்குள் 34 கப்பல்கள் அவ்வாறு பெற்றுவிட்டன. 1939இல் பெரிய கப்பல்களுக்கும் இம்முறை பொருந்துமா என்று பரீட்சை செய்த படைப்பிரிவின் தலைவரும் அதே நிமிட்ஸ்தான். பிறகு பசிபிக் யுத்தத்தில் மாபெரும் கப்பற்படையைத் துறைமுகம் திரும்பாமலே வாரக்கணக்கில் கடலில் நிறுத்திவைக்க முடிந்த தளபதியும் அவரே.

மாமீயின் காலத்தில் இரண்டு கப்பல்களையும் ஓரளவு சேர்த்து நிறுத்தியவை கயிறுகள். வேகம் கூடக்கூட, அக்கயிறுகள் துணையாக இருப்பதை விட்டு அபாயமாக ஆகிவிட்டன; அறுந்தால் ஆளைக் கொல்லும், அறாவிட்டால் கப்பலைத் திருப்பும். காலக்கிரமத்தில் அவற்றை விலக்கிவிட்டுக் கப்பல்கள் தம்மைத் தாமே காத்துக்கொண்டு இணையாக ஓடும்படி செய்தார்கள். கயிறு விட்ட வேலையைச் சுக்கானியின் கையும் அதிகாரியின் கண்ணும் ஏற்றுக்கொண்டன. அதே வேலையை இப்போது யந்திரத்திடம் ஒப்படைக்க விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். அம்முயற்சி ஏன் அவ்வளவு கடினமானது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தரும் கப்பல் ஒரு திசையையும் ஒரு வேகத்தையும் அறிவித்துவிட்டு அவற்றினின்றும் பிறழாமல் ஓடிக்கொண்டிருக்கும். பெறும் கப்பல் பின்னாலிருந்து சற்றுக் கூடுதலான வேகத்தில் நெருங்கி, பக்கவாட்டில் வந்ததும் வேகத்தைக் குறைத்து அதற்குச் சமமாக ஓடத் தொடங்கும். 12 முதல் 16 நாட் வரையில் வேகம். நடுவே இருக்கும் நீரின் அகலம் பெரும்பாலும் 30 முதல் 60 மீட்டர். துப்பாக்கியால் மெல்லிய நூல் ஒன்றைச் சுட்டு எறிவார்கள். அந்நூலைக் கொண்டு கயிற்றையும், கயிற்றைக் கொண்டு உருக்குக் கம்பியையும் இழுப்பார்கள். அக்கம்பியில் தொங்கியபடியே எண்ணெய்க் குழாய் மறுகரை சேரும். இடைவெளியைக் காண்பதற்கு, 20 அடிக்கு ஒன்றாக நிறம் மாறும் சிறு கொடிகள் கட்டிய கயிறு ஒன்றை இரு கப்பலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு நிற்பதும் உண்டு. இரவில் கொடிகளுக்குப் பதில் சிறு விளக்குகள். இவ்வாறு மணிக்கணக்கில் ஓடவேண்டும். இந்தியக் கடற்படையில் ஜோதி, தீபக், சக்தி என்னும் எண்ணெய்க் கப்பல்களுக்கும் இதுவே தொழில்.

இதில் ஏற்கெனவே ஒரு தானியங்கி அமைப்பு இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கப்பல்கள் அலையில் புரளும்போது நடுவிலுள்ள கம்பி ஒரு கணம் தொய்யவும் மறுகணம் விறைக்கவும் பார்க்கும். கம்பி சுற்றிச் செல்லும் கப்பிகளை, அழுத்தப்பட்ட காற்றின் மேல் மிதக்கும் உந்துதண்டு ஒன்றில் ஏற்றிவைத்திருப்பதால், தொய்வு நேர்ந்தால் தண்டு நீண்டு கம்பியை உள்ளிழுத்துக்கொள்ளும். விறைப்பு நேர்ந்தால் தண்டு தாழ்ந்து கம்பியை விட்டுக்கொடுக்கும். கணக்கும் இல்லை, மின்மூளையும் இல்லை. காற்றின் மீள்தன்மை ஒன்றே அங்கே அறிவாக நின்று வேலை செய்கிறது. எனக்கு இக்கருவியின்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஆனால் இது கம்பியைக் காக்குமே தவிரக் கப்பலைக் காக்காது.

கப்பலைக் காப்பதன் கஷ்டத்தை உணர ஒரு சிறு கணக்குப் போதும். 15 நாட் என்பது வினாடிக்குச் சுமார் 7.7 மீட்டர். இரு கப்பல்களின் திசைகளுக்கும் நடுவே ஒரே ஒரு பாகை வித்தியாசம் ஏற்பட்டு, அது கவனிக்கப்படாமல் நீடித்தால், அவை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 8 மீட்டர் வீதம் ஒன்றையொன்று நெருங்கும். 45 மீட்டர் இடைவெளி ஆறு நிமிஷத்துக்குள் தீர்ந்துபோகும். வேக வித்தியாசமும் அப்படித்தான்: பத்தில் ஒரு நாட் கூடினால் நிமிஷத்துக்கு 3 மீட்டர் முன்னேறிவிடும், குழாயும் கம்பியும் சாய்ந்துவிடும். ஆகையால்தான் அதிகாரி ‘இடப்பக்கம் திருப்பு’ என்று பொதுவாகச் சொல்லாமல் அரைப் பாகை, ஒரு பாகை என்று எண்ணி ஆணையிடுவதும், யந்திரத்துக்கு ஒரு சுற்று கூட்டு, இரண்டு சுற்று குறை என்று சொல்லியனுப்புவதும். பல்லாயிரம் டன் எடையுள்ள பொருளை இப்படி நகையாசாரியின் தராசில் நிறுத்துவது போல் நடத்தவேண்டியிருக்கிறது.

இது மட்டுமே ஆனால், நல்ல திசைகாட்டியும் பொறுமையும் உள்ள எவரும் செய்துவிடலாம். கப்பல்களை வருத்துவது அவற்றுக்கு நடுவில் ஓடும் நீர். நீரைக் கிழித்துக்கொண்டு போகும் கப்பலின் முகப்பிலும் பின்புறத்திலும் நீரின் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிட மிகுந்தும், நடுப்பகுதியின் இருமருங்கிலும், நீர் விரைந்து ஓடுவதால், குறைந்தும் இருக்கும். மற்றொரு கப்பல் பின்னாலிருந்து நெருங்கும்போது, அதன் முகப்பு முதலில் முன்கப்பலின் பின்புற அழுத்தத்தில் அகப்பட்டு வெளியே தள்ளப்படுகிறது. சற்று முன்னேறியதும் அதே முகப்பு அழுத்தம் குறைந்த நடுப்பகுதிக்குள் நுழைந்து உள்ளே இழுக்கப்படுகிறது. நேர்ப்பக்கத்தில் வந்து நின்றதும், இரண்டு உடல்களுக்கும் நடுவில் ஒடுங்கிய நீர் விரைந்தோடுவதால் இரண்டும் ஒன்றையொன்று கவர்கின்றன. அதே சமயம் முகப்புகள் மட்டும் விலகித் திரும்பப் பார்க்கின்றன. இவ்வாறு வருகையில் ஒரு தடுமாற்றமும், நிலைத்து ஓடுகையில் வேறொரு தடுமாற்றமும், விடைபெற்று முன்னேறுகையில் மீண்டும் மற்றொன்றுமாக, கப்பல் ஒவ்வொரு அடியிலும் வேறொரு பலத்தோடு போராடவேண்டும்.

இக்கவர்ச்சியைப் பற்றி அமெரிக்கக் கப்பல் விஞ்ஞானியாகிய டேவிட் டெய்லர் மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் ஓட்டிப் பார்த்து 1909இலேயே எழுதியிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1911ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சோலன்ட் என்னும் நீரிணையில், அப்போதைய மிகப் பெரிய பயணக் கப்பலாகிய ஒலிம்பிக்கும் ஹாக் என்னும் போர்க்கப்பலும் ஏறக்குறைய இணையாக ஓடிக்கொண்டிருக்கையில், ஹாக் திடீரென்று திரும்பி ஒலிம்பிக்கின் விலாவில் முகப்பைச் செருகியது. பெரிய கப்பல் சிறியதைத் தன்பால் இழுத்துக்கொண்டது என்ற வாதம் நீதிமன்றத்தில் பெரிதும் பேசப்பட்டு, பழி ஒலிம்பிக்கின்மீது விழுந்தது. அதுவரை மாலுமிகளின் அனுபவப் பேச்சாக இருந்த ஒன்று அவ்வழக்கினால் உலகறிந்த உண்மையாயிற்று.

கவரும் பலம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுகிறது. ஆகையால் மெதுவாகப் போனால் தொல்லை தீரும் என்று நினைக்கலாம். ஆனால் சுக்கானின் பலமும் நீரோட்ட வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததே. வேகத்தைக் குறைத்தால் நோயும் மருந்தும் ஒரே அளவில் குறையும். அலைகளின் பலமோ கப்பல் மெதுவாகப் போகிறது என்பதற்காகக் குறைந்துவிடாது. 12 நாட்டுக்குக் குறைந்து ஓட மாலுமிகள் விரும்பாததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். அன்றியும் இக்கவர்ச்சிக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு: இடைவெளி குறையக் குறைய அது மிகும். வில்லைச் சுருக்கினால் அது எதிர்த்துத் தள்ளும். இந்த நீரோ, நெருங்கினால் இன்னும் நெருங்கு என்று அழைக்கும். கணிதக்காரர்கள் இதை ஸ்திரமற்ற சமநிலை என்பார்கள். கவனிப்பாரின்றி விட்டால் அக்கப்பல்கள் தாமாகவே பழைய நிலைக்கு ஒருபோதும் திரும்புவதில்லை.

சுக்கானும் நேர்மையான கருவி அன்று. சுக்கானைத் திருப்பியதும் கப்பல் திரும்பிவிடுவதில்லை. முதலில் திரும்பும் வேகம் மெல்லப் பிறக்கும். அவ்வேகம் திரண்டு திசை மாறும். மாறிய திசையில் ஓடி ஓடித்தான் பக்கவாட்டுத் தூரம் மாறும். ஆணைக்கும் பயனுக்கும் நடுவே இப்படி மூன்று படிகள். ஜப்பானிய அறிஞர் நொமோட்டோ 1957இல், ஒரு கப்பலின் இக்குணத்தை முக்கியமாக இரண்டே எண்களில் அடக்கிவிடலாம் என்று காட்டினார். சுக்கானின் சொல்லை அக்கப்பல் எவ்வளவு கேட்கிறது என்பது ஓர் எண், எவ்வளவு தாமதித்துக் கேட்கிறது என்பது மற்றோர் எண். இவ்வளவும் போதாதென்று, கப்பல் திரும்பும்போது அதன் முன்பகுதியில் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்புவதால், பக்கத்துக் கப்பலைவிட்டு விலக நினைத்துச் சுக்கானைத் திருப்புகிறவனுடைய கப்பலின் பின்புறம் முதலில் அந்தப் பக்கத்துக் கப்பலை நோக்கியே வீசும். நெருங்கிவிட்டோமே என்று அஞ்சி வேகமாகச் சுக்கானை வெட்டுகிறவன் எதற்கு அஞ்சினானோ அதையே வரவழைத்துக்கொள்வான். அனுபவம் மிக்கவர்கள் எப்போதும் சிறிதளவே திருப்பி, திருப்பிய உடனே எதிர்ப்புறம் மீட்டு, காத்திருந்து பார்ப்பதன் இரகசியம் இதுதான்.

இந்த இரகசியத்தை முதன்முதலில் கணித வடிவில் எழுதியவர் நிக்கலாஸ் மினோர்ஸ்கி. ருஷ்யக் கடற்படையில் பணியாற்றிவிட்டு, புரட்சிக்குப் பின் 1918இல் அமெரிக்கா வந்தவர். நல்ல சுக்கானி எப்படிக் கப்பலை ஓட்டுகிறான் என்பதைக் கூர்ந்து ஆராய்ந்து, அவன் மூன்று விஷயங்களைக் கருதுகிறான் என்று அவர் கண்டார்: திசை இப்போது எவ்வளவு பிறழ்ந்திருக்கிறது, அப்பிறழ்வு எவ்வளவு விரைவாக மாறிக்கொண்டிருக்கிறது, இதுகாறும் பிறழ்ந்ததெல்லாம் சேர்ந்து எப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நிகழ்வது, வரப்போவது, கழிந்தது என்னும் முக்காலத்தையும் ஒரு கணக்கில் கூட்டி யந்திரத்தைக் கொண்டு சுக்கானைத் திருப்பினால், அது சுக்கானியைப் போலவே ஓட்டும் என்று 1922இல் வெளியிட்டார். நியூ மெக்ஸிகோ என்னும் பெரும் போர்க்கப்பலில் அதைப் பரீட்சித்தபோது, மாறும் வேகத்தைக் கருதாத அமைப்பு இருபுறமும் 2 பாகை வரை ஊசலாடியது. அதையும் சேர்த்தபின் பிறழ்வு ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது. சுக்கானிகளுள் பெரும்பாலோருக்கு இது கைவராத துல்லியம். ஆயினும் கடற்படை அதை ஏற்கவில்லை; கப்பலில் பணிபுரிந்தவர்களுக்குத் தானியங்கிச் சுக்கான் பிடிக்கவில்லை என்பதே காரணம். இன்று ஆலைகளின் வெப்பக் கட்டுப்பாட்டிலிருந்து ஆகாய விமானம் வரையில் எங்கும் பரந்து நிற்கும் அந்த மூவுறுப்புச் சூத்திரம், தான் பிறந்த இடத்தில் இவ்வாறு வரவேற்பின்றி நின்றதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

மினோர்ஸ்கியின் சூத்திரத்தை இணைந்தோடும் கப்பலுக்கு அப்படியே பொருத்தினால் என்ன நேரும்? நீரின் கவர்ச்சியை எதிர்த்து நிற்பதற்கு, பெறும் கப்பல் தன் சுக்கானைச் சிறிதளவு ஒருபக்கமாகவே எப்போதும் வைத்துக்கொண்டிருக்கவேண்டும். கழிந்த பிறழ்வுகளைக் கூட்டிப் பார்க்கும் மூன்றாம் உறுப்பு, எவரும் சொல்லாமலே, அந்த நிலையான சாய்வைக் கற்றுக்கொண்டுவிடும்; இதுவரை நல்லதே. ஆனால் அது கற்பது மெதுவாக. இடைவெளி சற்றுச் சுருங்கியதும் கவர்ச்சியோ விரைவாக மிகுந்துவிடுகிறது. நேற்றைய அனுபவத்தைக் கொண்டு இன்றைய பகையை எதிர்க்கும் நிலைமை அதற்கு நேர்கிறது. கப்பல் விடைபெற்று முன்னேறும்போது இன்னும் மோசம்: கவர்ச்சி அற்றுப்போன பின்னும் அதற்கெனக் கற்ற சாய்வு சுக்கானில் எஞ்சியிருக்கும். ஆகவே, இன்ன இடைவெளியில் இன்ன நிலையில் இவ்வளவு கவர்ச்சி என்று தொட்டிப் பரீட்சைகளால் முன்கூட்டியே அறிந்து, பிறழ்வு தோன்றுமுன்பே அதற்கீடாகச் சுக்கானைச் சிறிது திருப்பிவைக்கும் முன்னறிவும் சேரவேண்டும்.

இனி, அலைகள். சில வினாடிகளுக்கொரு முறை கப்பலின் முகப்பை இப்புறமும் அப்புறமும் ஆட்டும் அலையை எதிர்க்க எந்தச் சுக்கானாலும் முடியாது. முயன்றால் சுக்கான் யந்திரம் தேயும், எண்ணெய் வீணாகும், கப்பல் வேகமிழக்கும், பயன் ஒன்றுமில்லை. நல்ல சுக்கானி அந்த ஆட்டத்தைக் கண்டும் காணாதவன் போல் விட்டுவிட்டு, அதற்கு அடியில் மெதுவாக நேரும் உண்மையான விலகலை மட்டுமே திருத்துவான். யந்திரத்துக்கு இவ்வலட்சியத்தைக் கற்பிப்பது, கவனத்தைக் கற்பிப்பதைவிடக் கடினமாக இருந்தது. வெறுமனே வேகமான ஆட்டங்களை வடிகட்டி எறிந்தால், வடிகட்டி தன் பங்குக்கு ஒரு தாமதத்தைப் புகுத்திவிடும். ஏற்கெனவே மூன்று படித் தாமதமுள்ள கப்பலுக்கு அது ஆகாது. 1960இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட மதிப்பீட்டு முறை இதற்கு வழிகாட்டியது. கப்பலின் இயக்கத்தையும் அலையாட்டத்தின் இயல்பையும் தனித்தனிக் கணித உருவங்களாகக் கணினிக்குள் ஓடவிட்டு, அளந்து கண்டதில் இவ்வளவு அலையினுடையது, இவ்வளவு கப்பலினுடையது என்று கணந்தோறும் பங்கிடச் செய்வது அம்முறை. நார்வேயில் ட்ரோன்ஹைம் நகரத்துப் பேராசிரியர் பால்கனும் அவருடைய கூட்டாளிகளும் 1970களில் இதைக் கையாண்டு, கப்பல்களை நங்கூரமின்றியே கடலில் ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினார்கள்.

ஆனால் நின்ற கப்பலுக்குப் பொருந்தியது ஓடும் கப்பலுக்கு எப்போதும் பொருந்துவதில்லை. எதிர்த்து வரும் அலை, ஓடும் கப்பலை அடிக்கடி தாக்கும்; அதைப் பிரித்தறிவது சுலபம். பின்னாலிருந்து கப்பலோடு கூடவே ஓடிவரும் அலை, கப்பலின் வேகத்துக்கு நெருங்கிய வேகமுடையதானால், ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட நேரமாகும்; அந்த மெதுவான ஆட்டம் எது, உண்மையான விலகல் எது என்று கணினிக்கு விளங்காமல் போகும். அந்நிலையில் ‘இது அலைதானே’ என்று அது அலட்சியம் செய்தால் அபாயம். செய்யாவிட்டால் ஓயாத சுக்கானாட்டம். கடல் நிலைமை இடந்தருமானால் அலையை முகப்பின்பக்கம் வாங்கிக்கொள்ளும்படியாகத் திசையைத் தேர்ந்துகொள்வது மாலுமிகளின் பழைய வழக்கம். கணினி வந்தபின்னும் அவ்வழக்கம் தன் மதிப்பை இழக்கவில்லை.

இரண்டு கப்பல்களுக்கும் தனித்தனியே தானியங்கி வைத்துவிட்டு, இருவரும் இடைவெளியைக் காத்துக்கொள்ளுங்கள் என்று விட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். ஒன்று விலகுவதைக் கண்டு மற்றொன்று நெருங்க, அது நெருங்குவதைக் கண்டு முதலாவது மேலும் விலக, தாமதங்கள் குறுக்கிட்டு இரண்டும் ஊசலாடத் தொடங்கும். இதை அறிந்தோ அறியாமலோ மாலுமிகள் தொடக்கத்திலேயே ஒரு நியதி செய்துகொண்டார்கள்: தரும் கப்பல் தன் வழியே போகவேண்டும், பெறும் கப்பல்தான் அனுசரிக்கவேண்டும். பின்னாளில் கணிதக்காரர்கள் தலைவன், தொண்டன் என்னும் அமைப்பில் வந்து சேர்ந்ததும் இதே இடத்துக்குத்தான்.

இவ்வமைப்பைத் திருத்தமாக வளர்த்தவர்களுள், ட்ரோன்ஹைம் பல்கலைக்கழகத்து எரிக் கிர்க்யபோவும் கிரிஸ்தின் பெட்டர்சனும் குறிப்பிடத்தக்கவர்கள். 2003ஆம் ஆண்டை ஒட்டி அவர்களுடைய கட்டுரைகள் வெளிவந்தன. 1665இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ், ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே ஒன்றுக்கொன்று இசைந்து ஆடக் கண்டு வியந்தாரல்லவா, அத்தகைய ஒத்திசைவு பற்றிய கணிதத்தையே அவர்கள் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள். கடிகாரங்களுக்குத் தானாக வாய்த்த இசைவைக் கப்பல்களுக்கு முயன்று உண்டாக்கவேண்டும் என்பதுதான் வித்தியாசம். தலைவன் கப்பலுக்குப் பக்கவாட்டில், குறித்த இடைவெளி தள்ளி, கண்ணுக்குப் புலனாகாத மாயக் கப்பல் ஒன்று ஓடுவதாகக் கணினி பாவித்துக்கொள்கிறது. தொண்டன் கப்பல் அந்த மாயக் கப்பலின் மேலேயே சென்று பொருந்திக்கொள்ளப் பார்க்கிறது. தலைவனுடைய யந்திர பலமோ, சுக்கான் நிலையோ, கணித உருவமோ தொண்டனுக்குத் தெரியவேண்டியதில்லை. அதன் இருப்பிடமும் முகப்பின் திசையும் தெரிந்தால் போதும், மற்றவற்றை ஊகித்துக்கொள்ளலாம் என்பது இம்முறையின் சிறப்பு. உலகத்துக் கப்பல்கள் எல்லாவற்றின் குணங்களையும் முன்கூட்டி ஏட்டில் எழுதிவைத்துக்கொண்டு எண்ணெய் வாங்கப் போக முடியாதல்லவா!

தலைவன் திசை மாறும்போது இம்மாயக் கப்பலின் உதவி நன்கு விளங்கும். 2,000 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் தலைவன் 15 நாட் வேகத்தில் திரும்புவதாகவும், இரு கப்பல்களின் நடுக்கோடுகளுக்கும் இடையே 70 மீட்டர் இருப்பதாகவும் கொண்டால், வெளிப்புறமுள்ள கப்பல் 15.5 நாட் ஓடவேண்டும், உட்புறமாயின் 14.5 நாட் போதும். மாயக் கப்பலின் வேகத்தைக் கணக்கிட்டாலே இந்த வித்தியாசம் தானாக வந்துவிடுகிறது. மனிதர் ஓட்டும்போது இது மிகுந்த பதற்றத்தைத் தரும் கட்டம். ஆகவே எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கையில் திசை மாற்றவேண்டுமானால் சிறிது சிறிதாகவே மாற்றுவார்கள். இக்கொள்கைகளை ட்ரோன்ஹைம் தொட்டியில் பரீட்சித்த மாதிரிக் கப்பலாகிய சைபர்ஷிப் 2, உண்மைக் கப்பலில் எழுபதில் ஒரு பங்கு. நீளம் ஒன்றேகால் மீட்டர். அதற்குத் தலைவனாகக் கணினிக்குள் உள்ள கப்பல் ஒன்றையே வைத்தும் ஓட்டினார்கள்.

தொட்டியில் காமிராக்கள் மாதிரிக் கப்பலின் இடத்தைத் தவறாமல் சொல்லிவிடும். கடலில் அதைச் சொல்வது எது? கொடிக் கயிறு கணினிக்கு உதவாது. லேசர் கருவியால் இடைவெளியை நேரே அளக்கலாம். மழையும் நீர்த்துளியும் அதற்குத் தடை. செயற்கைக்கோள்களைக் கொண்டு இடமறியும் ஜி.பி.எஸ். முறையில், தனிக் கப்பலின் இடம் சில மீட்டர் பிழையோடு கிடைப்பது வழக்கம். இந்தப் பிழை 45 மீட்டர் இடைவெளிக்குப் பொறுக்கத்தக்கதன்று. ஆனால் அருகருகே இருக்கும் இரண்டு கப்பல்களுக்கும் வான்வழியில் நேரும் பிழைகள் ஏறக்குறைய ஒன்றேயாகையால், ஒன்றின் அளவையிலிருந்து மற்றொன்றின் அளவையைக் கழித்தால் பிழைகளும் கழிந்துபோய், நடுவிலுள்ள தூரம் மட்டும் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தமாகக் கிடைக்கும். எங்கே இருக்கிறோம் என்பதைவிட, பக்கத்திலிருப்பவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதே இவ்வேலைக்கு வேண்டியது; அதிர்ஷ்டவசமாக அதுவே சுலபமாகவும் அமைந்திருக்கிறது. ஆனால் இதற்குத் தலைவன் தன் அளவையைக் கம்பியில்லாத் தந்தி வழியே ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கவேண்டும். போர்க்காலத்தில் மௌனமாக இருக்கவேண்டிய கப்பல் அதற்கு இசையாது. இசைந்தாலும் பகைவன் அவ்வலைகளைக் கெடுத்துவிடலாம். ஆகையால் ஒன்று கெட்டால் மற்றொன்று என்று பல கருவிகளையும் வைத்து, ஒன்றுக்கொன்று முரணும்போது எதை நம்புவது என்ற விவேகத்தையும் கணினிக்குத் தரவேண்டும்.

நம்பிக்கையைப் பற்றிய இக்கேள்வி நியூ மெக்ஸிகோ கப்பலின் காலத்திலிருந்து இன்னும் தீரவில்லை. பிரிட்ஜ் என்று கப்பல்காரர்கள் வழங்கும் மேல்மாடத்தின் ஓரத்தில் நின்று நீரைப் பார்த்தபடி ஆணையிடும் அதிகாரியும், கீழே சக்கரத்தைப் பிடித்த தேர்ந்த சுக்கானியும் இன்றும் இருக்கிறார்கள். மாலுமிகளின் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஓடுகிறவரையில் யந்திரம் அவர்களைவிட நன்றாகவே ஓட்டலாம்; ஆனால் சுக்கான் யந்திரம் திடீரென்று பழுதாகி ஒருபக்கம் சிக்கிக்கொண்டால், அல்லது ஒரு கப்பலின் சக்தி அற்றுப்போனால், அப்போது செய்யவேண்டியது துல்லியமாக ஓட்டுவதன்று, அறுத்துக்கொண்டு விலகுவது. எண்ணெயை நிறுத்தி, குழாயைக் கழற்றி, கம்பியை விட்டு, கம்பத்தருகே நிற்கும் ஆட்களை ஒதுக்கி, பின்புறம் அடுத்த கப்பலின்மேல் வீசாதபடி சிறுகச் சிறுகத் திரும்பி வெளியேறவேண்டும். இதற்கென்றே எல்லாக் கடற்படைகளும் ஒத்திகை செய்கின்றன. எந்த நொடியில் இந்த முடிவை எடுப்பது என்பதை ஒரு சூத்திரத்தில் அடக்குவது, 45 மீட்டரைக் காப்பதைவிட மிகக் கடினம். சற்று முந்தினால் எண்ணெயும் குழாயும் கடலில், சற்றுப் பிந்தினால் கப்பல்கள் ஒன்றன்மேல் ஒன்று.

அமெரிக்காவில் இப்போது ஆளே இல்லாத கப்பல்களைக் கடலில் மாதக்கணக்கில் ஓடவிட முயன்று வருகிறார்கள். அவற்றுக்கும் எண்ணெய் வேண்டும். அக்கப்பல்களில் நூலைப் பிடிக்கவோ, கம்பியை இழுத்து மாட்டவோ, குழாயின் முனையை வாயில் பொருத்தவோ ஒருவரும் இரார். இதுகாறும் சொன்ன சுக்கான் கணக்கெல்லாம் அங்கே முடிந்துபோன வேலையாகவே கொள்ளப்பட்டு, குழாயின் முனையை ஆட்டத்தின் நடுவே எட்டிப் பிடிக்கும் கையைச் செய்வதில்தான் பொறியியலார் இப்போது முனைந்திருக்கிறார்கள்.